ஓர் ஏக்கர் வேளாண்மைக்கு எவ்வளவு தண்ணீர்? வயலில் நீரை அளந்து கணக்கெழுதும் முறை

சிறுபோகம் எனப்படும் கோடைகால நெற்செய்கைக்கு முன்னர் விவசாயிகளும் அலுவலர்களும் கூடும் ஆரம்பக் கூட்டத்தில், குளத்தில் இத்தனை ஏக்கர் அடி தண்ணீர் இருக்கிறது, அதற்கு இத்தனை ஏக்கர் செய்யலாம், இன்ன திகதிக்குள் விதைப்பு முடிய வேண்டும், இன்ன திகதியில் குளத்து மடையான துருசு மூடப்படும் என்றெல்லாம் தீர்மானமாகிறது. ஆனி மாதம் பிறந்து கச்சான் காற்று வீசத் தொடங்கியதும் எங்கள் கிழக்கிலங்கையில் உன்னிச்சையிலும் நவகிரியிலும் வாகனேரியிலும் கல்லோயா வாய்க்கால்களின் கடைப்புறத்திலும் ஒரே பேச்சுத்தான் எழும்: "தண்ணி காணாது." எவ்வளவு வந்தது, எவ்வளவு போதாமல் இருக்கிறது என்று கேட்டால் வயற்பிரிவின் தண்ணீரைப் பார்க்கும் வட்டவிதானையிடமும் விடை இராது, வயல்காரரிடமும் இராது. குளத்தின் கணக்கு கந்தோரில் இருக்கிறது. வயலின் கணக்கு எங்கும் எழுதப்படுவதில்லை. அந்தக் கணக்கை ஒரு தடி, ஒரு பரல் (பீப்பாய்), ஒரு கொப்பி ஆகியவற்றைக் கொண்டு எழுதும் முறையை இங்கே படிப்படியாகத் தருகிறேன்.

முதற்படி: எல்லையை வரைதல்

எந்த நிலத்துக்கு, எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை கணக்கெழுதப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். எங்கள் பக்கத்தில், வரம்பு கட்டிய வயற்பாத்திகளான வரவைகளில் பெரும்பாலானவற்றுக்குத் தனி வாய்க்கால் கிடையாது. மேல் வரவையின் வரம்பில் வெட்டிய வாயான வக்கடையால் கீழ் வரவைக்கு, அங்கிருந்து அதற்கடுத்ததற்கு என்று தண்ணீர் வரவைக்கு வரவை பாய்கிறது. ஆகவே தண்ணீர் ஓரிடத்தால் உள்ளே வந்து ஓரிடத்தால் வெளியேறும் வரவைக் கூட்டம் ஒன்றைத் தெரிவு செய்வது நல்லது. வரவும் செலவும் இரண்டு வாசலோடு நின்றுவிடும். காலத்தை, நிலம் பண்படுத்த முதல் தண்ணீர் விட்ட நாளில் தொடங்கி அறுவடை நாளில் முடியுங்கள். விதைத்த நாளிலிருந்து எழுதுகிறவர்கள் சேறடிக்கப் பாய்ச்சிய தண்ணீரைத் தவறவிடுகிறார்கள். அதுவே மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்காக இருக்கக்கூடும்.

பரப்பளவைக் காணி உறுதிப் பத்திரத்தில் உள்ளபடி எடுக்க வேண்டாம். வரம்புகளை நீக்கி, தண்ணீர் நிற்கும் பரப்பை மட்டும் நாடாவாலோ கைபேசியின் பரப்பளவுச் செயலியாலோ அளந்துகொள்ளுங்கள்.

அலகுகளைப் பொறுத்தவரை, மூன்று தொடர்புகளைக் கொப்பியின் முதற்பக்கத்தில் எழுதிவைத்தால் போதும். ஓர் ஏக்கரில் 1 மில்லிமீற்றர் தண்ணீர் என்பது 4.05 கனமீற்றர், அதாவது ஏறத்தாழ 4,050 லீற்றர். ஓர் ஏக்கர் அடி 1,233 கனமீற்றர். ஒரு கியூசெக் என்பது செக்கனுக்கு 28.3 லீற்றர், அது ஒரு மணித்தியாலம் ஓடினால் ஓர் ஏக்கரில் ஏறத்தாழ ஓர் அங்குலம் ஏறும். பழைய நீர்ப்பாசன அலுவலர்கள் வாய்க்காற்கரையில் நின்றபடியே மனக்கணக்குப் போட்டது இந்தக் கடைசித் தொடர்பை வைத்துத்தான்.

அளவுத் தடியும் மழைத் தகரமும்

வயலில் நாட்டும் தடி அசையக்கூடாது. அதன் பூச்சியம் மண்ணின் மேல்மட்டத்தோடு ஒத்திருக்க வேண்டும். வயல் எவ்வளவு மட்டமாக இருந்தாலும் மேடும் பள்ளமும் இருக்கும் என்பதால், ஏக்கருக்கு மூன்று தடியாவது நாட்டிச் சராசரி எடுப்பது நல்லது. நிமிர்ந்த தடியில் ஒரு மில்லிமீற்றரைக் கண்ணால் பிரித்தறிவது கடினம். 1 மீற்றர் பலகை ஒன்றை, ஒரு முனை மற்றதைவிட 20 சென்ரிமீற்றர் உயர்ந்திருக்கும்படி சாய்த்து நாட்டினால், தண்ணீர் 1 மில்லிமீற்றர் இறங்கும்போது பலகையில் 5 மில்லிமீற்றர் நகரும். இந்தச் சின்ன உபாயம் நாள்தோறும் எடுக்கும் அளவின் பிழையை வெகுவாகக் குறைக்கிறது.

மழைக்கு நேர்ச்சுவருள்ள தகரம் ஒன்று போதும். மரத்துக்கும் வீட்டுக்கும் தூரமாக வைத்து, வானிலை அவதான நிலையங்களைப் போலக் காலை 8.30 மணிக்கு அளவெடுங்கள். பெய்த மழை முழுவதும் வயலுக்கு வரவு ஆகாது. வக்கடையின் அடிமட்டம் மண்ணிலிருந்து 10 சென்ரிமீற்றர் உயரத்திலும் நிற்கும் தண்ணீர் 7 சென்ரிமீற்றர் உயரத்திலும் இருக்கும்போது 50 மில்லிமீற்றர் மழை பெய்தால், 30 வயலில் தங்கும், 20 வழிந்தோடும். இரண்டையும் எழுத வேண்டும்: 50 வரவில், 20 வெளியேற்றத்தில்.

உள்ளே வரும் தண்ணீரை அளத்தல்

இதற்கு மூன்று வழிகள் உண்டு. மூன்றுக்கும் அவற்றுக்கென்று இடமும் நேரமும் உண்டு.

மிக எளியது, ஏற்றத்தை அளப்பது. வெளியேறும் வக்கடையை அடைத்துவிட்டு, பாய்ச்சலுக்கு முன்னும் பின்னும் தடியைப் பார்க்க வேண்டும். ஓர் ஏக்கரில் தண்ணீர் 55 மில்லிமீற்றர் ஏறியிருந்தால் வந்தது 223 கனமீற்றர். ஆனால் இது ஏற்கெனவே தண்ணீர் நிற்கும், அல்லது நன்கு நனைந்த வயலுக்கு மட்டுமே பொருந்தும். வெடித்துக் காய்ந்த வயலில் முதல் சில மணித்தியாலம் வந்த தண்ணீரை வெடிப்புகளே குடித்துவிடும். தடி எதையும் காட்டாது. நிலம் பண்படுத்தும் முதற்பாய்ச்சலுக்கு இந்த வழியை நம்பவே கூடாது.

இரண்டாவது, மிதவை முறை. நேராக ஓடும் வாய்க்காலில் 10 மீற்றர் நீளத்தை அளந்து இரு முனையிலும் கயிறு கட்டுங்கள். மேற்கயிற்றுக்குச் சற்று மேலேயிருந்து அரைவாசி தண்ணீர் நிரப்பிய சிறு போத்தலை விட்டு, அது இரு கயிறுகளுக்கும் இடையே கடக்கும் நேரத்தை ஐந்து முறை எடுத்துச் சராசரி காணுங்கள். வாய்க்காலின் அகலத்தையும் ஆழத்தையும் மூன்று இடங்களில் அளந்து பெருக்கினால் குறுக்குவெட்டுப் பரப்பு கிடைக்கும். சராசரி அகலம் 0.60 மீற்றர், ஆழம் 0.20 மீற்றர், நேரம் 25 செக்கன் என்றால் மேற்பரப்பு வேகம் செக்கனுக்கு 0.40 மீற்றர். தண்ணீர் மேலே வேகமாகவும் அடியிலும் கரையிலும் மெதுவாகவும் ஓடுவதால், ஆழம் குறைந்த மண் வாய்க்காலுக்கு இதை 0.7 ஆல் பெருக்க வேண்டும். 0.12 சதுர மீற்றரை 0.28 ஆல் பெருக்க, செக்கனுக்கு 33.6 லீற்றர், அதாவது 1.2 கியூசெக் வருகிறது. இந்த ஓட்டத்தில் மேலே சொன்ன 223 கனமீற்றர் ஏறுவதற்கு 1 மணித்தியாலம் 50 நிமிடம் ஆகும். இரண்டு வழிகளையும் ஒரே நாளில் செய்து பார்த்து, இரண்டும் பத்து, பதினைந்து வீதத்துக்குள் ஒத்துவந்தால் அதற்குப் பிறகு மணிக்கூட்டை மட்டும் பார்த்தே எழுதலாம். வாய்க்காலின் நீர்மட்டம் மாறினால் மட்டும் திரும்ப அளக்க வேண்டும்.

மூன்றாவது, பலகையில் வெட்டிய 90 பாகை முக்கோண வெட்டு. வெட்டின் அடிமுனையிலிருந்து நீர்மட்டம் 10 சென்ரிமீற்றர் உயர்ந்து நின்றால் செக்கனுக்கு 4.4 லீற்றரும், 15 என்றால் 12 லீற்றரும், 20 என்றால் ஏறத்தாழ 25 லீற்றரும் பாய்கின்றன. உயரத்தை வெட்டின் வாயிலேயே அளக்கக்கூடாது; அங்கே தண்ணீர் குனிந்து விழுகிறது. அந்த உயரத்தைப்போல நான்கு மடங்கு தூரமாவது பின்னால் சென்று அளக்க வேண்டும். உயரத்தில் பத்து வீதம் பிழைத்தால் ஓட்டத்தில் இருபத்தேழு வீதம் பிழைக்கும். இன்னொரு சங்கடமும் உண்டு: வெட்டால் விழும் தண்ணீர் மறுபக்கத்தில் தடையின்றி விழ வேண்டும், மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கேயுள்ள எழுவான்கரைப் பக்கத்தைப் போலத் தட்டையான நிலத்தில் மறுபக்க நீர்மட்டமும் ஏறி வெட்டை மூழ்கடித்துவிடும். வெளியேறும் வக்கடைக்கு, அதுவும் வடிச்சல் வாய்க்கால் தாழ்வாக இருக்கும் இடத்துக்கு, இது மிகவும் நல்ல கருவி. உள்ளே வரும் தண்ணீருக்கு மிதவையே போதும் என்பது என் முடிவு.

வயலுக்குள் தண்ணீர் எங்கே போகிறது

இந்தப் படியைச் செய்யாமல் விட்டால் மற்றதெல்லாம் வெறும் எண்களாகவே நிற்கும். தண்ணீர் பாய்ச்சாத, மழையும் இல்லாத ஒரு நாளில் தடி 14 மில்லிமீற்றர் இறங்கியது என்று வைத்துக்கொள்வோம். அதில் பயிர் குடித்ததும் வெயில் குடித்ததும் எவ்வளவு, அடியில் இறங்கியது எவ்வளவு, வரம்பால் கசிந்தது எவ்வளவு?

ஒரு நீலப் பிளாஸ்டிக் பரலை நடுவில் அறுத்தால் இரண்டு கருவிகள் கிடைக்கின்றன. கீழ்ப்பாதிக்கு அடி உண்டு. மேற்பாதியின் மூடிப் பக்கத்தையும் அறுத்துவிட்டால் அது இரு பக்கமும் திறந்த வளையம். விதைப்பதற்கு முன்னர், வரம்பிலிருந்து சில மீற்றர் உள்ளே, அடியுள்ள பாதியைக் குழி தோண்டி இறக்கி, தோண்டிய மண்ணை எடுத்த ஒழுங்கிலேயே திரும்ப நிரப்புங்கள். அடியற்ற வளையத்தை, உழவுக்குக் கீழேயுள்ள இறுகிய படையில் ஊன்றும்வரை அழுத்துங்கள். அந்தப் படையைத் தொடாவிட்டால் தண்ணீர் அடியால் பக்கவாட்டில் ஓடி அளவைக் கெடுக்கும். இரண்டினதும் விளிம்பு மண்ணுக்கு மேலே 15 சென்ரிமீற்றர் நிற்கட்டும். வயலில் விதைத்த அதே நாளில், அதே அடர்த்தியில் இரண்டுக்குள்ளும் விதைத்து, உள்ளே நிற்கும் தண்ணீரை எப்போதும் வெளிமட்டத்துக்குச் சமமாக வைத்திருங்கள்.

காலை 6 மணிக்கு மூன்றிடத்தில் அளவெடுத்து, மறுநாள் அதே நேரத்தில் மீண்டும் எடுக்க வேண்டும். அடியுள்ள பாதியில் குறைந்தது பயிரும் வெயிலும் காற்றும் கொண்டுபோனது. அடியற்ற வளையத்தில் அதைவிடக் கூடுதலாகக் குறைந்தது மண்ணுக்குள் கீழிறங்கியது. திறந்த வயலில் இன்னும் கூடுதலாகக் குறைந்தது வரம்பாலும் வரம்படியாலும் பக்கவாட்டில் போனது.

வாவிக்கு மேற்கே படுவான்கரையிலுள்ள எங்கள் வயலில் ஒரு சிறுபோகத்தில் இதைச் செய்தபோது முறையே 5.5, 8, 14 மில்லிமீற்றர் வந்தன. அதாவது கீழிறங்கியது 2.5, வரம்பால் போனது 6. மண் மணற்பாங்கு, தண்ணீர் கீழே போகிறது என்று பல வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். பரல் வேறு கதை சொன்னது. மாலையில் வெளிவரம்போரமாகக் குனிந்தபடி நடந்து பார்த்தபோது, புல் மறைவில் நண்டு வளைகளின் வாயிலிருந்து தெளிந்த தண்ணீர் நூல் நூலாக ஓடிக்கொண்டிருந்தது. களிமண் உருட்டி வளைகளில் திணித்து மிதித்து, வரம்பின் உட்பக்கம் சேறு பூசிய பிறகு திறந்த வயலின் இறக்கம் 11 க்கு வந்தது. நாளொன்றுக்கு 3 மில்லிமீற்றர் என்பது ஏக்கருக்கு 12,000 லீற்றர். இந்த 3 மில்லிமீற்றருக்குப் பின்னர் வருகிறேன்.

பரல் அளவை விதைத்துக் கொஞ்ச நாளிலும், கதிர் தண்டுக்குள் இருக்கும் குடலைப் பருவத்திலும், கதிர் முற்றும்போதும் மும்மூன்று நாள் வீதம் எடுத்தால் போதும்.

விளைச்சலை நிறுத்தல்

மூடைக் கணக்கில் எழுத வேண்டாம். மூடையின் நிறை ஆளுக்கு ஆள், ஆலைக்கு ஆலை வேறுபடும். புசல் என்றால் ஏறத்தாழ 20.9 கிலோகிராம் என்று வரையறை இருந்தாலும் பெட்டி நிரப்பும் கைக்கேற்ப அதுவும் மாறும். தராசில் நிறுத்து, ஈரப்பதத்தையும் கேட்டு எழுதுங்கள். அறுவடை இயந்திரத்திலிருந்து இறங்கிய 1,900 கிலோகிராம் நெல்லின் ஈரம் 19 வீதம் என்றால், 14 வீத ஈரத்துக்கு அது 1,900 ஐ 81 ஆல் பெருக்கி 86 ஆல் வகுத்த தொகை, அதாவது 1,790 கிலோகிராம். இதைச் செய்யாமல் ஈர நெல்லை எழுதினால் ஆறு வீத விளைச்சலைக் காற்றிலிருந்து பெற்றதாக ஆகிவிடும்.

வகுத்தல்

மூன்றரை மாத நெல் விதைத்த ஓர் ஏக்கர் சிறுபோகத்தை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். நிலம் பண்படுத்த 200 மில்லிமீற்றர், பின்னர் 14 பாய்ச்சல், ஒவ்வொன்றும் 55 வீதம் 770, மழை 130. மொத்த வரவு 1,100 மில்லிமீற்றர். வக்கடையால் வெளியேறியது 100. அடியுள்ள பரல் காட்டிய 5.5 மில்லிமீற்றர் சராசரியை 95 நாளுக்குப் பெருக்கினால் பயிரும் வெயிலும் எடுத்தது ஏறக்குறைய 520. மிஞ்சிய 480 கீழே இறங்கியிருக்க வேண்டும், அல்லது வரம்பால் கசிந்திருக்க வேண்டும், அல்லது மண்ணில் ஈரமாகத் தங்கியிருக்க வேண்டும். தண்ணீர் நின்ற 80 நாளுக்கு நாளொன்றுக்கு 5.5 மில்லிமீற்றர் (திறந்த வயலின் 11 இல் பயிரும் வெயிலும் எடுத்த 5.5 போக மிஞ்சியது) இறக்கமும் கசிவும் என்று பரல் வழியாகக் கணக்கிட்டால் 440 வருகிறது. மீதி 40 மண்ணீரம். இரண்டு வழியாக வந்த எண்களும் இவ்வளவு நெருங்கினால் அளவுகளை நம்பலாம். இருநூறு, முந்நூறு என்று இடைவெளி விழுந்தால், பெரும்பாலும் இரவில் யாரோ திறந்த வக்கடை ஒன்று கொப்பியில் எழுதப்படவில்லை என்று பொருள்.

இனி 1,790 கிலோகிராமை எதனால் வகுப்பது? பாய்ச்சிய தண்ணீர் 970 மில்லிமீற்றர், அதாவது 3,925 கனமீற்றர். அதனால் வகுத்தால் கனமீற்றருக்கு 0.46 கிலோகிராம். மழையும் சேர்ந்த மொத்த வரவு 4,450 கனமீற்றரால் வகுத்தால் 0.40. பயிரும் வெயிலும் எடுத்த 2,105 கனமீற்றரால் மட்டும் வகுத்தால் 0.85. ஒரே வயல், ஒரே நெல், ஒரே போகம், எண்கள் மூன்று. முதலாவது குளத்தில் இருப்பதைப் பங்கிடுகிறவருக்கு வேண்டியது. இரண்டாவதைத் தலைகீழாக்கினால் ஒரு கிலோ நெல்லுக்கு ஏறத்தாழ 2,490 லீற்றர். சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் சராசரியாகச் சொல்லும் 2,500 லீற்றரோடு ஒப்பிட வேண்டியது இந்த எண்ணைத்தான். மூன்றாவது இனம், பசளை, களை, விதைத்த காலம் ஆகியவற்றோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. உலகின் பல இடங்களில் நெல்லுக்கு அளந்தவை 0.6 முதல் 1.6 வரை இருக்கின்றன. ஆகவே எந்தத் தண்ணீரால் வகுத்தது என்று கூறாமல் யாராவது ஓர் உற்பத்தித்திறன் எண்ணைச் சொன்னால் அதை ஏற்றுக்கொள்ள வேண்டாம்.

நெல்லையும் சோளத்தையும் கச்சானையும் (நிலக்கடலை) ஒப்பிட விரும்புகிறவர்கள் கிலோவுக்குப் பதிலாகச் செலவு போக மிஞ்சிய ரூபாயைக் கனமீற்றரால் வகுக்கலாம். விலை வருடத்துக்கு வருடம் ஆடுவதால் ஒரு போகத்து எண்ணை வைத்துப் பயிரை மாற்றிவிடாதீர்கள்.

வாய்க்காலுக்குப் போதல்

வயற்கணக்கு எழுதிப் பழகியபின், வாய்க்காலின் தலைப்பிலும் கடைப்புறத்திலும் ஒரே நேரத்தில் மிதவை விட்டுப் பாருங்கள். இடையில் ஒருவரும் தண்ணீர் எடுக்காத நேரமாக இருக்க வேண்டும். தலைப்பில் 33.6 லீற்றரும் 400 மீற்றருக்கு அப்பால் 26 லீற்றரும் இருந்தால், செக்கனுக்கு 7.6 லீற்றர், அதாவது நாளுக்கு 657 கனமீற்றர் வழியில் போகிறது. இதைக் கமக்காரர் அமைப்பாகச் சேர்ந்து செய்வதே முறை; தனி ஒருவர் செய்தால் மேல் வாய்க்கால்காரரைக் குற்றஞ்சாட்ட வந்தவராகவே பார்க்கப்படுவார். கல்லோயா இடதுகரையில் 1981 முதல் கமநல ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவனமும் கோர்னெல் பல்கலைக்கழகமும் ஒழுங்கமைப்பாளர்களை விவசாயிகளிடையே அனுப்பி, வயல் வாய்க்கால் அளவில் குழுக்களை அமைத்தபோது, மேலே இருந்தவர்கள் முறைவைத்துக் கடைப்புறத்துக்குத் தண்ணீர் விடத் தொடங்கியது பலரும் அறிந்த வரலாறு.

எல்லைக்கு வெளியே

நண்டு வளைகளை அடைத்துப் பத்து நாளில் கீழ் வயல்காரர் வரம்பில் வந்து நின்றார். "தம்பி, நீங்க வளைய அடைச்ச பிறகு என்ட மூலை வரவை காயுது." நாளுக்கு 12,000 லீற்றர் மிச்சம் என்று கொப்பியில் நான் எழுதியிருந்தது அவருடைய தண்ணீர்.

1997 இல் டேவிட் மோல்டன் சர்வதேச நீர்ப்பாசன முகாமைத்துவ நிறுவனத்துக்காக (இன்றைய சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனம்) வகுத்த நீர்க்கணக்கு முறை இந்த இடத்தைத்தான் தொடுகிறது. எல்லைக்குள் வந்த தண்ணீரில், திரும்ப எடுக்க முடியாதபடி செலவானது எது, வெளியே போய் இன்னொருவருக்குப் பயன்படுவது எது என்று அந்த முறை பிரிக்கிறது. பயிர் ஆவியாக்கியது திரும்ப வராது. வரம்பால் கசிந்ததும் வக்கடையால் போனதும் வடிச்சல் வாய்க்காலில் சேர்ந்து, கீழ் வட்டைக்காரர் (கீழ் வயல்வெளிக்காரர்) கட்டிய அணையில் ஏறி, மறுபடி நெல்லாகிறது. மேல் வயற்கண்டத்தில் இதை இழப்பென்று எழுதி மிச்சம்பிடித்தால், கீழ் வயற்கண்டத்தில் அது குறைவாகப் போய் நிற்கும். வாவியை அடுத்த கடைசி வட்டையில் நிலைமை வேறு: அங்கே வடிந்தது உவர்நீரோடு கலந்து பாசனத்துக்கு உதவாமற் போவதால், அங்கு குறைத்த ஒவ்வொரு மில்லிமீற்றரும் உண்மையான மிச்சம். வாவிக்கும் மீனுக்கும் நன்னீர் வேண்டும் என்பதையும் மறந்துவிட வேண்டாம். உன்னிச்சை போன்ற குளத்தில் மட்டக்களப்புக்கான குடிநீரும் எடுக்கப்படுவதால், குளத்தையே எல்லையாக வைத்துக் கணக்கெழுதுவோர் அதையும் தனிப்பத்தியாக எழுத வேண்டும்.

மேல் வயற்கண்டத்தில் கசிவைக் குறைக்கும் வேலையைப் பயனற்றதென்று இதனால் கொள்ள வேண்டாம். கசிவு குறைந்தால் பாய்ச்சல்களுக்கிடையே நாள் கூடும். துருசு திறக்கும் நாட்கள் குறையும். குளத்தில் நின்ற தண்ணீரைக் கீழ்க்கண்டத்துக்கு முறைவைத்து, வேண்டிய நாளில் விடலாம். மாற்றி நனைத்துக் காயவிடும் முறைக்கும் இதுவே பொருந்தும். 30 சென்ரிமீற்றர் குழாயில் கீழ்ப்பாதிக்குத் துளையிட்டு நாட்டி, உள்ளே நீர்மட்டம் மண்ணுக்குக் கீழ் 15 சென்ரிமீற்றருக்கு இறங்கியபின் பாய்ச்சினால் விளைச்சல் குறையாது. பாசன நீரில் 30 வீதம் வரை குறையலாம். பூக்கும் காலத்தில் மட்டும் தண்ணீர் நிற்க வேண்டும். எங்கள் பக்கத்து விதைப்பு வயல்களில் களையும், நெல்லைப் போன்ற களையான பன்றி நெல்லும் தலைகாட்டும் முதல் சில வாரங்களுக்கு இதைத் தொடங்கவே வேண்டாம். களையை அடக்க நிற்கும் தண்ணீருக்கும் ஒரு வேலை இருக்கிறது.

அடுத்த சிறுபோகத்தில் கீழ் வயல்காரரும் நானும் இரண்டு வயல்களையும் ஒரே எல்லையாக எழுதினோம். இடைவரம்பின் நண்டு வளைகளை விட்டுவிட்டோம். வடிச்சல் வாய்க்காலோரம் அவருடைய வெளிவரம்பை மட்டும் இருவருமாக அடைத்தோம். முக்கோண வெட்டுப் பலகை இப்போது அவருடைய வக்கடையில் இருக்கிறது. காலை 6 மணி அளவை அவர் எடுக்கிறார், நான் எழுதுகிறேன்.